துலா மிதித்த அம்மாவும் ஒரு கண்டனமும்

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணாம்புக்கற் பாறைக்குள் தேங்கும் மழைநீரைக் கிணறுகளிலிருந்து இறைத்தே புகையிலையும் வெங்காயமும் விளைவித்த தலைமுறைகளைப் பற்றி எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்ற ஆண்டு, ஒருவர் ஏறி மிதிக்க நீரை மேலே கொண்டுவரும் நீண்ட மரமான துலா பூட்டிய கிணறுகளைப் பற்றிக் கட்டுரையொன்றை எழுதி, எங்கள் ஊர் வாசிகசாலையில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார்.

"பிள்ளை, கிணத்தடியிலை நிண்டவை எழுதவேண்டிய விசயம் இது. உமக்கு இது சரிவராது."

பாட்டனார் காலத்து இறைப்பை விவரிக்கும் இடத்தில், நீர் அள்ளும் பட்டையைத் தகரப் பட்டை என்று எழுதியிருந்தேன். அந்தக் காலத்தில் பனையோலைப் பட்டையே புழக்கத்தில் இருந்தது என்றார். பெண்ணொருத்தி துலா மிதித்ததாக நான் எழுதியது வெறும் கற்பனை என்றும் சொன்னார். சபை சிரித்தது. எங்கள் ஊரில் "பரவாயில்லை" என்பதே உச்சப் பாராட்டு என்பதால் புகழை எதிர்பார்த்து நான் போகவில்லை; ஆயினும் அந்தச் சிரிப்புக்கு ஆயத்தமாகவும் போகவில்லை.

தகரப் பட்டை என் பிழைதான். நான் கண்ணால் கண்ட பட்டை தகரத்தால் ஆனது என்பதால், அதையே இரண்டு தலைமுறை பின்னோக்கிக் கொண்டுபோய்ப் பாட்டனாரின் கையில் கொடுத்துவிட்டேன். ஆனால் துலா மிதித்த பெண் என் அம்மா. 1990களில் குடாநாட்டுக்குள் மண்ணெண்ணெய் வருவது தடைப்பட்டு, நீரிறைக்கும் இயந்திரங்கள் மூலையில் கிடந்த நாள்களில், அப்பா நோயில் படுத்திருக்க, அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்தார். கீழே நின்று பட்டை பிடித்தவள் நான். அண்ணன் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறினான்.

இத்தனையும் தெரிந்திருந்தும், அன்றிரவு நான் என்னிடமே கேட்ட கேள்வி வேறு: அம்மா உண்மையிலேயே துலாவில் ஏறினாரா? ஒரு நாள் ஏறியதை நான் ஒரு பருவமாக வளர்த்துக்கொண்டேனா? ஒரு பிழையைச் சரியாகச் சுட்டிக்காட்டியவர் மற்றதையும் சரியாகத்தான் சொல்லியிருப்பார் என்று மனம் தானாகவே முடிவு கட்டியது. கடுஞ்சொல்லின் வேலை இதுதான் போலும். கூரையில் ஓட்டை விழுந்த இடத்தோடு நில்லாமல், நல்ல ஓடுகளையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. அம்மா இப்போது இல்லை. மூன்று மாதங்கள் நான் எதையும் எழுதவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில்தான் சிறுப்பிட்டி இருக்கிறது. அங்கே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளிலிருந்து தொல்காப்பிய உரைகளையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, பிழைபிடிக்கக் காத்திருந்தோர் பலர். பெரும்பட்டங்களைத் தாம் தலையில் சுமக்காததே தமக்கு அனுகூலம் என்ற கருத்தைத் தம் பதிப்புரையொன்றில் அவர் எழுதியிருக்கிறார். பணிவு என்று முன்பு நான் வாசித்த அந்த இடத்தை, இந்த முறை ஒரு குறும்பாகவே வாசித்தேன். இழப்பதற்குப் பெயர் இல்லாதவன் பிழைபட்டாலும் ஏட்டைக் காப்பாற்றிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கவேண்டும். எனக்கும் இழப்பதற்குப் பெயர் ஒன்றும் இருக்கவில்லை.

கனடாவில் இருக்கும் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மான்ரை கால் வெடிப்புக்கு நீதானே வேப்பெண்ணெய் பூசினனி" என்றான்.

கட்டுரையைத் திருத்தி எடுத்துக்கொண்டு, தை மாதத்தில் அந்த ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலுடன் முழுவதையும் வாசித்தார். பட்டையைப் பற்றிய பகுதியில் இன்னும் இரண்டு சொற்களை மாற்றினார். அவை இரண்டும் நல்ல திருத்தங்கள். அம்மாவைப் பற்றிய பந்திக்கு வந்தபோது, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டார்.

அந்தக் கேள்விக்குறி இன்னும் என் பிரதியில் இருக்கிறது. பந்தியை நான் மாற்றவில்லை.