கழிக்க வேண்டிய தாள்கள்

பதிவறையில் எனக்குக் கொடுத்த முதல் வேலையே கழிப்பதுதான். மூன்றாண்டுக் கட்டு, பத்தாண்டுக் கட்டு, நிரந்தரக் கட்டு என்று பிரிப்பேன். காலம் முடிந்தவற்றுக்குப் பட்டியல் போட்டு அழிக்க அனுப்பிவிடுவேன். 18 வருடப் பழக்கம். ஒரு தாளைத் தொட்டதுமே அது உதவுமா உதவாதா என்று தெரிந்துவிடும் என்றுதான் நம்பியிருந்தேன்.

ஒரு பயிற்சி வகுப்பில் பழைய பால் கேன் ஒன்றின் படத்தைக் காட்டினார்கள். போலந்தின் தலைநகர் வார்சாவில், யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற பகுதி இருந்த இடத்தில் 1950-ல் தோண்டி எடுத்தது. உள்ளே முழுக்கத் தாள்கள்.

1940 நவம்பரில் ஜெர்மானியர்கள் அந்த நகரத்து யூதர்களைச் சுவர் கட்டி அடைத்தார்கள். உள்ளே 4 லட்சம் பேருக்கு மேல். பசியும் டைஃபஸ் காய்ச்சலும் தெருவிலேயே ஆட்களைச் சாய்த்தன. அதற்கு நடுவில் இமானுவேல் ரிங்கல்ப்ளூம் என்ற வரலாற்று ஆய்வாளர் ஒரு ரகசியக் குழுவைச் சேர்த்தார். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் கூடியதால் 'ஓய்வுநாளின் மகிழ்ச்சி' என்று பொருள்படும் ஒய்னெக் ஷாபெஸ் என்பது அதன் பெயர். நாட்குறிப்பு, கடிதம் மட்டுமல்ல, ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய் சுற்றிய காகிதம் வரை சேர்த்து வைத்தார்கள். குழுவில் இருந்த ரேச்சல் அவுர்பாக் ஒரு கஞ்சித்தொட்டியை நடத்தியவர். நாம் ஊற்றும் சூப் யாரையும் காப்பாற்றவில்லை, சாவைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான் என்று அவர் எழுதி வைத்தார்.

அந்த மிட்டாய்க் காகிதம் என் மேசைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் கழித்திருப்பேன். அன்று இரவு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1942 ஜூலை 22-ல் கெட்டோவில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு டிரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் கிளம்பத் தொடங்கின. ஆகஸ்ட் தொடக்கத்தில் இஸ்ரேல் லிக்டன்ஸ்டைன் என்ற ஆசிரியரும் இரண்டு இளைஞர்களும் குழு சேர்த்த தாள்களை 10 உலோகப் பெட்டிகளில் வைத்து ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் புதைத்தார்கள். பால் கேன்கள் புதைக்கப்பட்டது 1943 பிப்ரவரியில். 1946-ல் பெட்டிகளை எடுத்தபோது உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. நனைந்த தாள்கட்டு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மை கரைந்து ஓடியிருக்கும், தாளோடு தாள் ஒட்டிப் பாளமாகியிருக்கும், இழுத்தால் கையோடு வரும். அப்படியிருந்தும் ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தியிருக்கிறார்கள். இரண்டு புதையலிலும் சேர்த்துச் சுமார் 35,000 பக்கங்கள் மிஞ்சின. அவை இன்றும் வார்சாவில் இருக்கின்றன.

அடுத்த முறை கழிப்புப் பட்டியல் போட உட்கார்ந்தபோது எனக்குக் கை ஓடவில்லை. சரி, விதிப்படி போக வேண்டியது போகத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து, ஒவ்வொரு தாளாகப் படித்த பிறகுதான் அனுப்பினேன். நாலு நாள் வேலை பன்னிரண்டு நாள் இழுத்தது.

பெட்டிகளோடு லிக்டன்ஸ்டைன் தன் உயிலையும் வைத்திருந்தார். தனக்கு நன்றியோ நினைவுச் சின்னமோ வேண்டாம் என்று எழுதியிருந்தார். ஓவியரான மனைவி கேலா செக்ஷ்டைனை நினைவில் வையுங்கள், மகள் மார்கலித்தை நினைவில் வையுங்கள் என்று கேட்டிருந்தார். மகளுக்கு அன்று 20 மாதம். ஒன்பது மாதத்திலேயே யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியைத் தெளிவாகப் பேச ஆரம்பித்துவிட்டாள் என்றும் எழுதியிருக்கிறார்.