சின்ன பட்ஜெட்டில் முதல் ரயில்

முதன்முதலாக மாடல் ரயில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து பெரிய வட்டப் பாதையில் ஆரம்பிக்காதீர்கள். எச்ஓ அளவில், அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு (1:87), ஐந்தடி நீளம் ஓரடி அகலப் பலகை போதும். பிரிட்டனின் ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் அமைப்பில் இரண்டே பாயிண்ட் (தண்டவாளம் கிளை பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்தும் கிளைத் தண்டவாளம்), ஓர் எஞ்சின், எட்டு வேகன்; வேகன்களின் பெயர் எழுதிய சீட்டு எடுத்து, அதில் வந்த வரிசைப்படி ஐந்து வேகன்களைக் கோக்க வேண்டும், மணிக்கணக்கில் நேரம் போவதே தெரியாது. காசை எஞ்சினுக்கும் தண்டவாளத்துக்கும் வையுங்கள். காயவைத்த டீச்சக்கைதான் என் மண். ஜல்லிக்குச் சலித்த மணல். இவற்றை ஒட்ட, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால்தான் பசை மேலேயே உருண்டு நிற்காமல் உள்ளே இறங்கும். அப்புறம், பாயிண்டில் அசையும் தண்டவாள நாக்குப் பக்கம் ஒரு துளிகூடப் படக்கூடாது, இறுகிவிடும்.