களி கிண்டி வாங்குன கப்பு

நான் ஆர்மியில சமையல்காரன். எங்க தெரு பையன் ஒருத்தனும் ஆர்மிக்கு அக்னிவீர் டிரேட்ஸ்மேன்ல செஃப்பா செலக்ட் ஆயிருக்கான். போன வாரம் பாலக்கோடு வீட்டுக்கு வந்தவன் சுவத்துல நான் கப்பு வாங்கற போட்டோவை பாத்துட்டு, சமையலுக்கு கூடவாண்ணா கப்பு தருவாங்கன்னு கேட்டான். தருவாங்க தம்பி. அமெரிக்கா ஆர்மியில கனெலி அவார்டுன்னு 1968ல இருந்தே மெஸ்ஸுக்குன்னு தனியா இருக்கு, எங்க யூனிட் டாக்டர் சாப் தான் சொன்னாரு (சாப்னா சார்). எங்க யூனிட்ல அந்த அளவுக்கு எல்லாம் இல்ல, யூனிட்டுல கம்பெனின்னு சொல்ற பிரிவுங்களுக்குள்ள லங்கர் போட்டி (லங்கர்னா எங்க சமையல்கூடம்), ஒரு சுழற்கோப்பை, அவ்ளோதான். ஆனா அதுக்கு நான் பட்ட பாடு எனக்கு தான் தெரியும்.

2023 சிறுதானிய வருஷம்னு சொன்னாங்க இல்ல, அந்த மார்ச்சுல ஆர்மி ரேஷன்ல கம்பு, சோளம், ராகி மாவு திரும்ப வருதுன்னு ஆர்டர் வந்துச்சு, அரிசி ஆட்டாவுல 25 சதவீதம் வரைக்கும் அதுக்கு பதிலா இத வாங்கிக்கலாம்னு. அம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு வருதாம். லங்கர்ல எல்லாரும் முழிக்கறாங்க, எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள குஷி, தர்மபுரிக்காரனுக்கு ராகி சொல்லித்தரணுமா என்ன.

அந்த திமிர்ல தான் மாட்டுனேன். 110 பேருக்கு மதியம் களி கிண்டி உருண்டை புடிச்சு வெச்சேன், ஹரியானா பசங்க அத வாயில போட்டு மென்னுட்டே இருக்காங்க, பல்லுல ஒட்டிக்கிட்டு "யே க்யா ஹை உஸ்தாத்", இது என்ன மாஸ்டர்னு கேக்கறானுங்க. மிச்ச சோறு கொட்டற பக்கெட் ரெண்டும் நிறைஞ்சு போச்சு. ஹவில்தார் மேஜர் ஒன்னுமே பேசல, பக்கெட்டை மட்டும் பாத்துட்டு போனாரு, திட்டியிருந்தா கூட தேவல.

மே மாசம் லீவுல ஊருக்கு வந்தா இங்கயும் ராகி பேச்சு தான், ரேஷன் கடையில 2 கிலோ அரிசிக்கு பதிலா 2 கிலோ ராகி, நீலகிரிலயும் நம்ம தர்மபுரிலயும் தான் மொதல்ல குடுத்தாங்க. அம்மாகிட்ட களி கதைய சொன்னேன். "மாவை கொட்டுன கையோட கிண்டிட்டியா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். அடுப்புகிட்ட கூட்டிட்டு போயி காட்டுச்சு. நொய் நல்லா வெந்து கொதிக்கறப்ப மாவை நடுவுல குவியலா கொட்டணும், கிண்டவே கூடாது, துடுப்பால நடுவுல ஒரு குழி குத்தி விட்டு மூடிரணும், அந்த குழி வழியா கஞ்சி பொங்கி மேல வந்து மாவு வேகும், பத்து நிமிஷம் சின்ன தீயில விட்டுட்டு அப்புறம் தான் இறக்கி ரெண்டு காலால சட்டிய மிதிச்சு புடிச்சு கிண்டணும். கையில ஈரம் தொட்டு தொட்டா ஒட்டக்கூடாது, அது தான் பதம். இத்தனை வருஷம் தின்னவன் ஒரு நாளாவது அடுப்பை பாத்திருக்கனா.

போட்டிக்கு ஒரு மாசம் முன்னாடி இருந்தே லங்கர்ல சுண்ணாம்பும் காவியும் தான். செங்கல்லுக்கு எல்லாம் காவி அடிக்கறது எனக்கு எப்பவுமே புடிக்காது, அதுல போற நேரத்துல வெங்காயம் உரிக்கலாம், ஆனா சொன்னா செய்யணும். ஈ வராத வலைக்கதவு, சமையல்காரங்க மெடிக்கல் கார்டு, ஸ்டோர்ல பழைய மூட்டை முன்னாடி புது மூட்டை பின்னாடின்னு அடுக்கறது, இதெல்லாம் நியாயமான வேலை.

முந்தின நாள் ராத்திரி மட்டன் வெட்டறப்ப கத்தி என் விரல்ல ஏறிருச்சு. கட்டு போட்ட கையோட சாப்பாட்டை தொட்டா டாக்டர் சாப் அங்கயே மார்க்கை வெட்டிருவாரு, வெட்டறதும் சரி தான். போட்டிக்கு வெக்கற களி உருண்டைய யாரு புடிக்கறது? உத்தரகாண்ட் பையன் ஒருத்தன் எனக்கு ஹெல்ப்பரு, அவன் சிரிச்சுட்டே சொல்றான், எங்க ஊர்லயும் இது இருக்கு உஸ்தாத், மண்டுவா, எங்கம்மா ரொட்டி தட்டுவாங்கன்னு. ஆறு மாசமா பக்கத்துலயே நிக்கறான், நான் கேக்கவே இல்ல பாருங்க. நான் துடுப்பு புடிச்சு பதம் மட்டும் சொன்னேன், அவன் கையை தண்ணியில நனைச்சு நனைச்சு எலுமிச்சை அளவுக்கு உருட்டி தள்ளிட்டான். சின்ன உருண்டைன்னா மெல்ல தோணாது, குழம்புல தொட்டு அப்படியே முழுங்கிரலாம்.

யூனிட்ல ரெண்டாவது பெரிய ஆபீசர் டூ ஐசி சாப், டாக்டர் சாப், சுபேதார் மேஜர் சாப் மூணு பேரும் மார்க் போட வந்தாங்க. நகத்தை பாத்தாங்க, தவா அடியில விரல் வெச்சு தேய்ச்சு பாத்தாங்க, மட்டன் குழம்பு தொட்டு ஆளுக்கொரு களி சாப்ட்டாங்க. அப்புறம் சுபேதார் மேஜர் சாப் நேரா பின்னாடி போயி மிச்ச பக்கெட்டை எட்டி பாத்தாரு. அடியில எலும்பு மட்டும் கெடந்துச்சு.

யூனிட் ஆரம்பிச்ச நாளான ரைசிங் டேக்கு எல்லாரும் ஒண்ணா சாப்பிடற படாகானா விருந்துல, யூனிட் தலைவர் சிஓ சாப் கையால கப்பு குடுத்தாங்க, நான் அந்த பையனையும் இழுத்து பக்கத்துல நிறுத்திக்கிட்டேன், போட்டோவுல இருக்கறது அவன் தான். ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டு சொன்னேன்.

"களி கிண்டுனதுக்கா கப்பு?"ன்னுச்சு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "கையில காயம்னியே, ஆறிருச்சா?"