வெகுஜனவாதமும் மனித உரிமைகளும்: ஓய்வு வயதைப் பிடியுங்கள்

தேர்வு முடிவு வந்துவிட்டது. மனித உரிமைத் தாள் என்னைக் கரையேற்றியது. மற்றத் தாள்களைப் பற்றிப் பேச இப்போது மனமில்லை. வெகுஜனவாதம், அதாவது மக்களின் பெயரால் மேட்டுக்குடியை எதிர்க்கும் அரசியல், மனித உரிமைகளை என்ன செய்கிறது என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதைப் பார்த்ததும் பலருடைய பேனா மேடையேறிவிடும். 'தூய மக்கள், ஊழல் மேட்டுக்குடி' என்று 2004இல் அரசியல் ஆய்வாளர் கஸ் முட்டே வகுத்த எதிர்நிலையை எழுதி, ஜனநாயகம் செத்தது என்று முடிப்பார்கள். திருத்துபவர் காலையிலிருந்து அதைத்தான் படித்துக்கொண்டிருப்பார், பாவம்.

நான் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 21ஆம் பிரிவில் தொடங்கினேன். அரசின் அதிகாரத்துக்கு அடிப்படை மக்களின் விருப்பமே என்று 1948லேயே அது சொல்லிவிட்டது. ஆகவே மக்கள் பெயரைச் சொல்வது குற்றமில்லை. 'எனக்கு வாக்களிக்காதவர் மக்களே அல்லர்' என்று தலைவர் சொல்வதில்தான் வம்பு. இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து உதாரணம். பத்து நாடுகளை அடுக்காமல் ஒன்றைக் குடையுங்கள். மனப்பாடம் எனக்கு எட்டிக்காய்; அதனால் ஹங்கேரி ஒன்றையே நம்பினேன். 2010இல் வெகுஜனவாதத் தலைவர் விக்டர் ஓர்பனின் கட்சி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது. பிறகு நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62 ஆக்கியது. பார்வைக்கு வெறும் அலுவலகச் சுற்றறிக்கைதான். ஆனால் மூத்த நீதிபதிகள் கூட்டமாக வெளியேற வேண்டியதாயிற்று. 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இதைத் தவறு என்றது. கவனியுங்கள், வயதுப் பாகுபாடு என்றுதான் சொன்னது. நீதித்துறைச் சுதந்திரத்தை அந்தத் தீர்ப்பு அடிப்படையாக்கவில்லை. அதற்குள் தலைமைப் பதவிகள் பலவற்றில் வேறு ஆட்கள் அமர்ந்துவிட்டார்கள். உரிமைகள் ஏட்டில் இருக்கும்போதே அவற்றைக் காக்கும் நாற்காலிகள் கைமாறும் விதம் இதில் தெரிகிறது. என் விடையின் உயிர் இந்தப் பத்திதான். பாதி நேரத்தை இதற்கே கொடுத்தேன்.

மீதிக்குக் கைவசம் இருக்க வேண்டியவை:

- சுவிட்சர்லாந்து: 2009 பொதுவாக்கெடுப்பில் மினாரத் (மசூதிக் கோபுரம்) கட்டத் தடை, ஆதரவு 57.5 சதவீதம். 2018இல் சர்வதேசச் சட்டத்துக்கு மேலாக அரசியலமைப்பை வைக்கும் யோசனையை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நிராகரித்தார்கள். வாக்குப்பெட்டி இரு பக்கமும் சாயும்.
- வெளியேற்றம்: சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து பிலிப்பைன்ஸ், 2019. ஒரு வரி போதும்.
- பொலிவியா: வெகுஜனவாதத் தலைவராகக் கருதப்படும் ஏவோ மொராலிஸ் ஆட்சியில் வந்த 2009 அரசியலமைப்பு பழங்குடி மக்களின் உரிமைகளை விரிவாக ஏற்றது. வெகுஜனவாதம் என்றாலே உரிமைப் பறிப்பு என்று எழுதுகிறவர்களுக்கு இது சரியான குட்டு. தவறவிடாதீர்கள்.

நேரம் போதாவிட்டால் முடிவுரையை விட்டுவிடுங்கள். நான் பொலிவியாவோடு நிறுத்திவிட்டேன். அந்தத் தாளில்தான் எனக்கு அதிக மதிப்பெண்.