இரண்டாம் சுற்று: நேர்காணல் நடத்துபவரின் நாட்குறிப்பு

2024 மார்ச் 4, திங்கள்

நாளைக் காலை பதினொரு மணிக்கு எனக்கு ஒரு நேர்காணல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தரமணியில் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அதில் ஆறு ஆண்டுகளாக ஆளெடுக்கும் குழுவிலும் இருக்கிறேன். விண்ணப்பித்தவருக்கு நான்கு சுற்றுகள் உண்டு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். மற்றவர் எழுதியதைப் பார்க்காமல் நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக அறிக்கை எழுதிச் சமர்ப்பித்த பிறகே குழு கூடும்.

நான்கு சுற்றுகளுக்கு மேல் நடத்தினாலும் விண்ணப்பித்தவரைப் பற்றிய கணிப்பு பெரிதாக மேம்படுவதில்லை என்று கூகுள் தன் பழைய பதிவுகளை ஆராய்ந்து கண்டறிந்தது. விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற புதிர்க் கேள்விகளால் ஒரு பயனும் இல்லை என்று அந்நிறுவனத்தின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் வெளிப்படையாகவே சொன்னார். புதிர்களை நாங்களும் விட்டுவிட்டோம். ஆனால் ஒருவருடைய தயக்கத்தை அறியாமை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டோமா என்பதுதான் என் கவலை.

மார்ச் 5, செவ்வாய்

வந்தவர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து, மூன்று ஆண்டுகளாக சப்போர்ட் பிரிவில் வேலை பார்ப்பவர். வரிசைப்படுத்தி, பிறகு ஓரிடத்தில் வெட்டி முன்பின்னாக மாற்றி வைத்த எண்பட்டியலில் ஓர் எண்ணைத் தேடும் நிரலாக்கக் கணக்கைக் கொடுத்தேன். பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே தேடும் பைனரி சர்ச்தான் வழி என்பதை உடனே பிடித்துக்கொண்டார். நடு இடத்தைக் கண்டுபிடிக்க, தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுக்காமல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கித் தொடக்கத்தோடு கூட்டினார்.

ஏன் அப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரு நிமிடத்துக்கும் மேலாகப் பதில் இல்லை. இரண்டு முறை வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். தமிழிலேயே சொல்லுங்கள் என்றேன்.

"ரெண்டும் பெரிய நம்பரா இருந்தா, கூட்டும்போதே எல்லை தாண்டிடும் சார். மைனஸ்ல போய் நிக்கும். வித்தியாசத்தைப் பாதியாக்கிக் கூட்டினா அந்தப் பிரச்சினை வராது."

இதைவிடச் சுருக்கமாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. கணினி 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், எதிர்ம எண்களுக்கும் இடம் விட்டுச் சேமிக்கும் முழு எண்ணின் உச்ச வரம்பு 2147483647; கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் எதிர்ம எண்ணாகிவிடும். ஜாவா நிரல்மொழியோடு வரும் நிலையான நிரல் நூலகத்திலேயே இந்தப் பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கண்ணில் படாமல் கிடந்தது என்பதை, அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006இல் தாமே எழுதி ஒப்புக்கொண்டார். அவர் அளவுக்குத் தேர்ந்தவர் கண்ணுக்கே தப்பியதை இந்தத் தம்பி முதல் முறையிலேயே தவிர்த்திருக்கிறார். அவர் சொன்னதைச் சொல் மாறாமல் அறிக்கையில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பைக் கீழே சேர்த்தேன்.

மார்ச் 7, வியாழன்

குழு கூடியது. மூவர் எடுக்கலாம் என்றோம். நான்காமவர் வேண்டாம் என்று எழுதியிருந்தார்: "எண்ணத்தை வெளிப்படுத்தும் திறன் போதாது." அந்த முடிவுக்கு ஆதாரமாக அந்தத் தம்பி பேசிய ஒரு வாக்கியத்தையாவது காட்டுங்கள் என்று கேட்டேன். அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை.

இதைக் கேட்கும்போது என் நெஞ்சும் உறுத்தியது. 2019இல் ஒரு பெண்ணைப் பற்றி "தெளிவு இல்லை" என்று ஒரே வரி எழுதி நானும் அனுப்பியிருக்கிறேன். அவர் என்ன சொன்னார், எந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று அன்றைக்கு நான் குறித்து வைக்கவில்லை. இன்று நினைவிலும் இல்லை. அவருக்கு நான் அநீதி செய்துவிட்டேன் என்றே கருதுகிறேன்.

வாதம் ஒன்றரை மணி நேரம் நீண்டது. கூடுதலாக ஒரு சுற்று நடத்துவதென முடிவாயிற்று.

மார்ச் 11, திங்கள்

ரெக்ரூட்டர் கூப்பிட்டார். கூடுதல் சுற்றை மாலையில் வைக்க முடியுமா என்று அந்தத் தம்பி கேட்டிருக்கிறார். சிறுசேரியில் இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை அவருக்கு ஷிப்ட். முதல் நான்கு சுற்றுகளுக்கும் தூங்காமலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேலை தேடி வருபவர் வாயைத் திறந்து நேரத்தை மாற்றச் சொல்ல எவ்வளவு அஞ்சுவார் என்பது, 2013இல் இதே நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 14, வியாழன்

நேற்று மாலை ஐந்து மணிக்கு, இதுவரை அவரைப் பார்த்திராத வேறொருவர் அந்தச் சுற்றை நடத்தினார். முடிவு நாளை தெரியும்.

நேர்காணலுக்கு அழைக்கும் மின்னஞ்சலில் இரண்டு வரிகள் சேர்க்க இன்று அனுமதி கிடைத்தது. முதல் வரி, தற்போதைய வேலை நேரத்தைக் கேட்டு அதற்கேற்ப நேரம் ஒதுக்குவோம் என்பது. இரண்டாவது வரி, நடத்துபவருக்குத் தெரிந்த மொழியாக இருந்தால் விளக்கத்தை அம்மொழியிலேயே சொல்லலாம் என்பது. இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழிலும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.