ஸ்லைஸோடு கோச்சிடம் போகிறவர்களுக்கு

பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து ஓடிவிடுகிறது. பொழுதுபோக்காக கோல்ஃப் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஸ்லைஸ் எனப்படும் இதுதான் தீராத தொல்லை. அதைச் சமாளிக்க அவர்கள் செய்வதும் ஒன்றேதான்: இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நின்று அடிப்பார்கள். பந்து முன்னைவிட அதிகமாக வளையும். (இங்கே எல்லாமே வலக்கை ஆட்டக்காரரை வைத்துத்தான். இடக்கைக்காரர்கள் பக்கங்களை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

ஏன் அப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டு கோச்சிடம் போனால், அவர் சொல்வதில் பாதி அங்கேயே விளங்கிவிடும். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அடி விழும்போது கிளப்பின் (மட்டையின்) முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, எங்கே பார்க்கிறது என்பதுதான். பிறகு அது எந்தப் பக்கம் வளையும் என்பது, முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. முகம் இலக்கைப் பார்க்கிறது, பாதை 6 டிகிரி இடப்பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து ஏறக்குறைய நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளையும். இப்போது உடம்பை இன்னும் இடப்பக்கம் திருப்பி நின்றால் பாதையும் கூடவே இடப்பக்கம் போகும். ஆனால் இலக்கு எங்கே என்று கைகளுக்குத் தெரியும்; அவை முகத்தை அங்கேயேதான் காட்டும். 6 டிகிரி இடைவெளி 10 ஆகிவிடும்.

கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. "அடிக்கும்போது மணிக்கட்டைத் திருப்பு" என்று பக்கத்தில் நிற்கும் நண்பர் தரும் யோசனையால் பயனில்லாமல் போவது இதனால்தான். திருத்த வேண்டியது எல்லாம் அதற்கு முன்பே, பிடியிலும் நிற்கும் நிலையிலும் கிளப் கீழே இறங்கத் தொடங்கும் விதத்திலும் இருக்கிறது.

நல்ல கோச் முதல் சில பந்துகளுக்கு வாயே திறக்கமாட்டார். பிறகு டிரைவரின், அதாவது அதிக தூரத்துக்கு அடிக்கும் நீண்ட கிளப்பின், முகத்தில் பவுடர் ஸ்ப்ரே அடித்து, பந்து எங்கே படுகிறது என்று பார்ப்பார். இது மிகவும் முக்கியம். டிரைவரின் ஹீல் பக்கம், அதாவது தண்டுக்கு அருகில் பந்து பட்டாலே, முகமும் பாதையும் சரியாக இருந்தாலும் அது வலப்பக்கம் வளையும். அப்படிப்பட்டவரின் பிடியை மாற்றினால் நோய் ஒன்று, மருந்து வேறு என்றாகிவிடும். பந்துக்கும் காலுக்கும் உள்ள தூரத்தையும், டவுன்ஸ்விங்கில், அதாவது கிளப் கீழே இறங்கும்போது, இடுப்பு பந்தை நோக்கி முன்னே தள்ளப்படுகிறதா என்பதையும்தான் அங்கே பார்க்க வேண்டும்.

நீங்களும் அவருக்கு உதவ வேண்டும். சொந்த கிளப்புகளையே கொண்டுபோங்கள். முதுகு, மணிக்கட்டு, முழங்கால் வலி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த கிளப்பில் எந்தத் தவறு அதிகம், வாரத்தில் எவ்வளவு நேரம் பயிற்சி செய்ய முடியும் என்பதையும் சொல்லுங்கள். அவர் முன்னால் அழகாக ஆடிக் காட்ட முயலாதீர்கள். மைதானத்தில் வருகிற அந்த மோசமான அடி அங்கேயும் வந்தால்தான் அவருக்கு வேலை நடக்கும்.

பெரும்பாலும் பிடியில்தான் தொடங்குவார். இடக்கையில் கிளப்பின் கைப்பிடி, ஆள்காட்டி விரலின் நடுக் கணுவிலிருந்து சுண்டு விரலின் அடிப்பகுதி வரை விரல்களின் குறுக்கே கிடக்க வேண்டும். உள்ளங்கைக்குள் ஏறிவிட்டால் மணிக்கட்டு மடங்காது, முகமும் மூடாது, அதாவது இடப்பக்கம் திரும்பாது. உங்கள் பழைய கையுறையை எடுத்துப் பாருங்கள். உள்ளங்கையின் அடிமேடு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தேய்ந்தோ ஓட்டையாகியோ இருந்தால் கைப்பிடி உள்ளங்கையில் இருக்கிறது, ஸ்விங்கில் நழுவவும் செய்கிறது என்று அர்த்தம். சரியாகப் பிடித்து நின்று குனிந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு அல்லது மூன்று முட்டிகள் தெரிய வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் கோடு வலத் தோளை நோக்கி இருக்க வேண்டும். புதிய பிடி கொஞ்ச காலம் அந்நியமாகவே இருக்கும். கைகள் நான்கைந்து பந்துகளிலேயே பழைய இடத்துக்கு ஊர்ந்து போய்விடும். ஒவ்வொரு பந்துக்கும் கையை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி பிடியுங்கள்.

நிற்கும் நிலையைச் சரிபார்க்க இரண்டு குச்சிகள் போதும். ஒன்று பந்துக்கு அப்பால் இலக்கை நோக்கி, இன்னொன்று அதற்கு இணையாகக் கால்விரல்களின் ஓரம். பலர் கால்களைச் சரியாக வைத்துவிட்டுத் தோளை இடப்பக்கம் திறந்து நிற்பார்கள்; பந்தை அளவுக்கு மீறி முன்னே, அதாவது இலக்குப் பக்கமாக, வைப்பது அதற்கு ஒரு காரணம். 7ஆம் நம்பர் அயர்னுக்கு (நடுத்தர தூரத்துக்கான கிளப்) பந்து நடுவிலிருந்து சற்றே முன்னால், டிரைவருக்கு இடக் குதிகாலின் உள்பக்கத்துக்கு நேராக.

அடுத்தது டவுன்ஸ்விங். வலத் தோள் முந்திக்கொண்டு வெளியே சுழன்றால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இதற்கு ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) வழக்கமாகச் செய்வது: டிரைவரின் துணி உறையைப் பந்துக்கு அப்பால், ஒரு சாண் பின்னால் வைத்து, அதைத் தொடாமல் அடிப்பது. 7ஆம் நம்பர் அயர்ன், பாதி ஸ்விங், பாதி வேகம். கடினமான எதையும் அங்கே வைக்காதீர்கள்.

பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். பாதையை மட்டும் திருத்திவிட்டு, முகம் இன்னும் திறந்தே, அதாவது பாதைக்கு வலப்பக்கம் பார்த்தபடியே, இருந்தால் பந்து தொடக்கத்திலிருந்தே வலப்பக்கம் போகும். பார்க்கப் பழைய ஸ்லைஸைவிட மோசமாக இருக்கும். அதனால்தான் முகத்தை முதலிலும் பாதையைப் பிறகும் திருத்துவது நல்லது என்பேன். முகம் மூடத் தொடங்கியதும், பழைய பாதையில் பந்து நேராக இடப்பக்கம் பறக்கும். இரண்டு பந்துகள் அப்படிப் போனால், யாரும் சொல்லாமலே உடம்பு பாதையை வலப்பக்கம் நகர்த்தத் தொடங்கும். கோச் எந்த வரிசையில் போகிறார், நடுவில் பந்து எப்படிப் போனால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதை அவரிடமே கேட்டு வையுங்கள். லான்ச் மானிட்டர் (அடியை அளக்கும் கருவி) இருந்தால் தூரத்தை விடுங்கள். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி எத்தனை டிகிரி என்ற ஒரு எண் போதும்.

தனியாகப் பயிற்சி செய்யும்போது உடம்பின் உணர்வை நம்ப முடியாது. மிகைப்படுத்திச் செய்ததாகத் தோன்றும், வீடியோவில் பார்த்தால் இம்மியளவுதான் மாறியிருக்கும். போனை இலக்குக்கு எதிர்ப்பக்கத்தில், கைகளின் உயரத்தில், கைகளுக்கு நேராக, இலக்குக் கோட்டுக்கு இணையாக வையுங்கள். ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே வெட்டிக்கொண்டு வரும் ஸ்விங்கும் நல்ல ஸ்விங் மாதிரி தெரியும். ஸ்லோ மோஷனில், நொடிக்கு 240 ஃபிரேம் இருந்தால் நல்லது.

ஒரு கூடைப் பந்தை மளமளவென்று அடித்துத் தீர்ப்பதால் பழைய ஸ்விங்தான் இன்னும் உறுதியாகும். பந்தில்லாமல் மெதுவாக மூன்று முறை, பிறகு ஒரு பந்து. பாதி வேகத்தில் நிலைத்த பிறகே முக்கால் வேகம். அதுவும் பிடிபட்டால் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றுங்கள். மைதானத்தில் ஒரே அடி இரண்டு முறை வருவதில்லை.

அடுத்த வகுப்புக்கு இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். போகும்போது மூன்று வீடியோ எடுத்துப்போங்கள்: உறையை வைத்து அடித்தது, பாதி வேகத்தில் அடித்தது, டிரைவரில் முழு வேகத்தில் அடித்தது. முதல் இரண்டில் சரியாக இருந்து மூன்றாவதில் வலத் தோள் மறுபடி முந்தினால், கோச் புதிதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. எந்த வேகத்தில் அது உடைகிறது என்று பார்த்து, அந்த வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்து அதே பயிற்சியைத் தொடரச் சொல்வார்.