ஏற்காடு எஸ்டேட்ல வேலை பாத்த அம்மாவுக்கு பணிக்கொடை வாங்குன கதை

எங்கம்மா ஏற்காடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்ல 24 வருஷம் செக்ரோல்ல (தினக்கூலி ஆளுங்க பேரும் கூலியும் எழுதுற பதிவேடு) வேலை பாத்துட்டு 2023ல முட்டி வலி தாங்காம நின்னுட்டாங்க. கிராஜுவிட்டி, அதாவது வேலைய விட்டு நிக்கும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடை, எப்ப வரும்னு கேட்டதுக்கு எஸ்டேட் கணக்கு எழுதுற ரைட்டர் "அதெல்லாம் ஸ்டாஃப்புக்குத்தாம்மா, கூலி ஆளுக்கு ஏது"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அம்மா அதையும் நம்பிட்டு வந்துட்டாங்க, மலை மேல பாதிப்பேரு இப்படித்தான் நம்பிட்டு இருக்காங்க.

அப்ப இருந்தது 1972 பணிக்கொடைச் சட்டம். கடை, கம்பெனின்னா பத்து பேராவது வேலை செஞ்சிருக்கணும், ஆனா தோட்டத்துக்கு அந்தக் கணக்கே கிடையாது, ஃபேக்டரி, சுரங்கம் மாதிரி தோட்டத்தையும் பேர் சொல்லியே சட்டத்துல போட்டிருக்காங்க. அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை செஞ்சிருந்தா தானா வேலைய விட்டாலும் உண்டு, தினக்கூலின்னாலும் உண்டு. கணக்கும் ஈஸிதான், வருஷத்துக்கு 15 நாள் கூலி. கடைசி தினக்கூலி 400 ரூபான்னு வச்சுக்கிட்டா 400 x 15 x 24, அதாவது 1,44,000. மாசச் சம்பளக்காரங்களுக்கு மட்டும்தான் சம்பளத்த 26ஆல வகுத்து ஒரு நாள் கூலி எடுக்கணும்.

அந்தச் சட்டப்படி முதல்ல முதலாளிக்கு ஃபார்ம் ஐ (I) குடுக்கணும். கையில குடுத்தா வாங்க மாட்டாங்கன்னு தெரியும், அதனால ஒப்புகை அட்டையோட ரிஜிஸ்டர் தபால்ல போட்டேன். வேலை விட்ட 30 நாளுக்குள்ள குடுக்கணும்பாங்க, லேட்டாயிடுச்சுன்னு மட்டும் சொல்லி காச மறுக்க முடியாது.

அதுக்கப்புறம் வந்த பதில்தான் வேடிக்கை. ஒண்ணு, காப்பி பறிக்கிறது சீசன் வேலை, அதனால சீசனுக்கு 7 நாள் கூலிதான் தருவோம்னாங்க. இன்னொண்ணு, எஸ்டேட்ட நாங்க நடுவுலதான் வாங்குனோம், அதுக்கு முன்னாடி வருஷமெல்லாம் பழைய ஓனர்கிட்ட கேட்டுக்கோங்கன்னாங்க. சீசன் ஆளுக்கு 7 நாள்னு சட்டத்துல இருக்கறது நிஜம்தான், ஆனா பழம் பறிப்பு முடிஞ்சா அம்மா என்ன வீட்டுலயா உக்காந்திருந்தாங்க? மிளகு பறிக்கிறது, நெழல் மரம் கவாத்து, மழை வந்தா களை வெட்டு, குழி எடுக்கறதுன்னு வருஷம் பூரா பெரட்டுக்கு (காலைல பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம்) போனவங்க.

சேலத்துல தொழிலாளர் துறை ஆபீஸ்ல போய் விசாரிச்சேன், எங்க ஏரியாவுக்கு பணிக்கொடை கேஸ் பாக்குற அதிகாரி யாருன்னு சொன்னாங்க, அவருக்கு ஃபார்ம் என் (N) போட்டோம். வக்கீல் வைக்கல. முதலாளி மறுத்து பதில் போட்டாலும் சரி, பதிலே போடலைன்னாலும் சரி, 90 நாளுக்குள்ள இதப் போடணும், தாண்டிட்டா காரணம் எழுதிக் குடுக்கணும்.

விசாரணை தள்ளித் தள்ளிப் போச்சு, ஒரு தடவ எஸ்டேட் ஆள் வரல, ஒரு தடவ அதிகாரிக்கு வேற மீட்டிங். அம்மாவுக்கு கொண்டை ஊசி வளைவுல எறங்குனாலே வாந்தி வேற. கடைசில எஸ்டேட் தரப்பு பழைய செக்ரோல் எங்ககிட்ட இல்லன்னு கைய விரிச்சுட்டாங்க. இங்கதான் பி.எஃப் காப்பாத்துச்சு. ஆன்லைன் பாஸ்புக்ல பழைய வருஷமெல்லாம் முழுசா வரல, ஆனா அந்தக் காலத்துல வருஷா வருஷம் குடுத்த பி.எஃப் சீட்டு, போனஸ் சீட்டு எல்லாத்தையும் அம்மா ரேஷன் கார்டோட சேத்து கட்டி வச்சிருந்தாங்க, படிக்கத் தெரியாதுன்னாலும் ஒரு சீட்டு கூட தூக்கிப் போட்டதில்ல. ஓனர் மாறியும் அதே பி.எஃப் நம்பர் ஓடுது, அப்ப வேலை எங்க அறுந்துச்சுன்னு அதிகாரி கேட்டாரு, பதில் இல்ல. சீசன் வாதத்துக்கு அவங்க கொண்டு வந்த செக்ரோலே எதிரா நின்னுச்சு, ஜூன் ஜூலைல கூட அம்மா பேருல கூலி போட்டிருக்கு.

அதுக்கப்புறம் வெளிய வச்சு சமரசம் பேசுனாங்க. அசல முழுசா தரோம், வட்டிய விட்டுக் குடுங்கன்னு. நான் சரின்னு சொல்லிருப்பேன், அலுத்துப் போச்சு. அம்மாதான் "அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா அரை நாள் கூலி வெட்டுவீங்களே சாமி"ன்னு சொல்லிட்டு பெஞ்சுல போய் உக்காந்துக்கிட்டாங்க. ஆர்டர் 24 வருஷத்துக்கும் 15 நாள் கணக்குல, 10 சதவீதம் தனி வட்டியோட வந்துச்சு. அப்பீல் போகணும்னா முதலாளி அந்தத் தொகைய முதல்ல கட்டணும், கட்டாம இழுத்தடிச்சா ஃபார்ம் டி (T) போட்டு கலெக்டர் மூலமா நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணலாம். அந்த அளவுக்குப் போகல, அம்மா பேங்க் கணக்குலயே போட்டுட்டாங்க.

2025 நவம்பர் 21ல இருந்து இந்தச் சட்டத்துக்குப் பதிலா சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கு, அதனால இப்ப போடுறவங்க எந்த ஃபார்ம்னு ஆபீஸ்ல கேட்டுட்டுப் போடுங்க. பக்கத்து லைன் வீட்டு (எஸ்டேட் ஆளுங்க குடியிருப்பு) அக்கா ஒருத்தங்க வீட்டுக்காரரு வேலைல இருக்கும்போதே இறந்துட்டாரு, அவருக்கு அஞ்சு வருஷம் ஆகலைன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க. இறந்துட்டா அந்த அஞ்சு வருஷக் கணக்கே பாக்கக் கூடாது. அவங்க சீட்டெல்லாம் இப்ப என்கிட்டதான் இருக்கு, இந்த வாரம் எழுதிக் குடுக்கணும்.